வயோலாவுக்கு யார் எழுதுவது?

போன மாதம் மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தோம். என் ஹெட்போனில் ஓடிக்கொண்டிருந்தது வயோலா என்று தெரிந்ததும் ஒருவன் சிரித்தான். "அதுவா, வயலின்ல தேறாதவங்க வாசிக்கிறதுதானே?" இன்னொருவன் கொஞ்சம் இசை படித்தவன். அவன் சிரிக்கவில்லை, விளக்கினான். "உலகம் சுத்துற வயோலா சோலோ ஆளுங்க ரொம்பக் கம்மிடா. வாசிக்கப் பெருசா ஒன்னும் எழுதப்படல. அந்தக் கருவியோட இயற்கை அப்படி. திறமை இருந்தா மேடை தானா வரும், வரலன்னா அர்த்தம் இருக்கு."

சிரித்தவனை விட்டுவிடலாம். வயோலாவைக் கிண்டல் செய்வது மேற்கத்திய இசைக்குழுக்களுக்குள்ளேயே பழைய பொழுதுபோக்கு. விளக்கியவனோடுதான் எனக்குச் சண்டை. பார்க்க நியாயமான பேச்சு மாதிரி இருப்பதால்தான் சண்டை.

முதலில் 'இயற்கை'. நான் மெக்கானிக்கல் படித்தவன், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். வயோலாவின் தந்திகள் வயலினைவிட ஒரு பஞ்சமம் கீழே சுருதி சேர்க்கப்பட்டவை. வயலினின் உடல் சுமார் 35.5 செ.மீ. அதே விகிதத்தில் வயோலாவைச் செய்தால் உடல் மட்டுமே 53 செ.மீ. வரும். அதைத் தாடைக்கடியில் வைத்து யாராலும் வாசிக்க முடியாது. ஆகவே 40, 43 என்று செய்து முடித்துவிடுகிறார்கள். ஒலிக்குத் தேவையானதைவிடப் பெட்டி சிறியது. அந்தக் கம்மலும் மூக்கடைத்த கரகரப்பும் அங்கிருந்துதான் வருகின்றன. இது ஒரு டிசைன் சமரசம், உண்மைதான். ஆனால் சமரசம் இல்லாத எந்தப் பொருளை நாங்கள் வரைந்திருக்கிறோம்? பெட்டி சிறியது என்பதிலிருந்து அதற்கு யாரும் எழுதமாட்டார்கள் என்பது எப்படி வரும்? எழுதாமல் இருந்தது மனிதர்கள். பெட்டி இல்லை.

எழுதியபோதும் என்ன நடந்தது என்று பாருங்கள். பகானினியின் கைக்கு ஓர் அருமையான ஸ்ட்ராடிவாரி வயோலா வந்தது. எனக்கு ஒன்று எழுதித் தாருங்கள் என்று பெர்லியோஸிடம் கேட்டார். முதல் பகுதியைப் பார்த்ததும் முகம் சுளித்தார். தான் சும்மா நிற்கும் இடம் அதிகம், தனக்கு இடைவிடாமல் வாசிக்க வேண்டும் என்றார். விலகிக்கொண்டார். 1834இல் 'இத்தாலியில் ஹெரால்ட்' அவர் இல்லாமலே அரங்கேறியது. 1838இல்தான் பகானினி அதைக் கேட்டார். பெர்லியோஸ் முன் மண்டியிட்டார், பிறகு 20,000 பிராங்க் அனுப்பினார். இதை எல்லாரும் பெருந்தன்மைக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அப்போது நோயில் அவருக்குக் குரலே போயிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் கணக்கு என்ன? காசு கொடுத்தார், கடைசிவரை வாசிக்கவில்லை.

அவராவது வயலின்காரர். லயனல் டெர்டிஸ் வாழ்நாள் முழுக்க வயோலாவுக்காகவே நின்றவர், பெரிய உடல் கொண்ட புது வடிவ வயோலாவையே உருவாக்கியவர். வில்லியம் வால்டன் என்ற இளைஞர் தன் வயோலா கான்செர்ட்டோவை அவருக்கு அனுப்பினார். டெர்டிஸ் திருப்பி அனுப்பிவிட்டார். ரொம்பப் புதுசாக இருந்ததாம். 1929இல் லண்டனில் அதை முதலில் வாசித்தவர் பால் ஹிண்டெமித். டெர்டிஸ் பின்னால் வருந்தினார், வாசிக்கவும் செய்தார். பகானினி செய்யாததை இவர் செய்தார் என்பதால் இவர்மேல் எனக்கு மரியாதை குறையவில்லை.

ஹிண்டெமித்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அவர் இசையமைப்பாளர், ஊர் ஊராகப் போய் வாசித்த வயோலாக்காரரும்கூட. 1936 ஜனவரியில் தன் கான்செர்ட்டோவை வாசிக்க லண்டன் வந்தார். 20ஆம் தேதி இரவு மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இறந்தார், கச்சேரி ரத்து. நம் ஆளாக இருந்தால் டிக்கெட் மாற்றி வீட்டுக்குப் போயிருப்பார். இவர் மறுநாள் காலை 11 மணிக்கு பிபிசி அலுவலகத்தில் ஓர் அறையில் உட்கார்ந்தார். மாலை 5 மணிக்குள் வயோலாவுக்கும் தந்திக்குழுவுக்குமாக ஓர் அஞ்சலி இசையை எழுதி முடித்தார். அன்று இரவே வானொலியில் நேரடியாக வாசித்தார். இன்றும் வயோலாக்காரர்கள் அதை வாசிக்கிறார்கள். இதில் 'தானா வந்த' மேடை எது?

ரெபெக்கா கிளார்க் என்ற வயோலாக்காரர் தன் கருவிக்குத் தானே சொனாட்டா எழுதினார். 1919இல் அமெரிக்காவில் ஒரு போட்டிக்குப் பெயர் மறைத்து அனுப்பினார். நடுவர்கள் அதற்கும் எர்னஸ்ட் பிளாக்கின் படைப்புக்கும் சரிபாதியாகப் பிரிந்தார்கள். போட்டியை நடத்திய புரவலர் பிளாக்குக்கு ஓட்டுப் போட்டார். பிறகு எழுதியவர் ஒரு பெண் என்று தெரிந்ததும், ரெபெக்கா கிளார்க் என்பதே யாரோ ஓர் ஆணின் புனைபெயர் என்று பேசிக்கொண்டார்களாம். திறமை இருந்தது. வந்தது என்ன, பார்த்துக்கொள்ளுங்கள்.

வில்லியம் பிரிம்ரோஸ் வயலினில் தேறியவர்தான். அவருடைய ஆசான் இசாய்தான் வயோலா பக்கம் திருப்பினார். பார்டோக்கிடம் கான்செர்ட்டோ கேட்டவர் பிரிம்ரோஸ். கேட்டபோது பார்டோக்குக்குக் கடும் நோய். 1945 செப்டம்பரில் அவர் இறந்தபோது மிச்சமிருந்தவை வெறும் வரைவுத் தாள்கள். டிபோர் ஷெர்லி அவற்றைக் கோத்து முடித்தார், 1949இல் மினியாபொலிஸில் பிரிம்ரோஸ் அரங்கேற்றினார். இன்று ஓர் இசைக்குழு வயோலா தனிக்கலைஞரை அழைத்தால் பெரும்பாலும் வால்டன், ஹிண்டெமித், பார்டோக் இந்த மூவரில் ஒருவர்தான் நிகழ்ச்சி நிரலில் இருப்பார். பல பருவங்களுக்கு ஒருமுறை அழைப்பது, அதே மூன்றில் ஒன்றைக் கேட்பது, பிறகு வயோலாவுக்குக் கூட்டம் வராது என்பது. இதற்குப் பெயர் இயற்கையா?

அதனால்தான் இவர்களின் தொழில்வாழ்க்கை பியானோ நட்சத்திரங்களுடையதுபோல இருப்பதில்லை. கிம் கஷ்கஷியான் போஸ்டனில் பாடம் எடுக்கிறார், இசையமைப்பாளர்களிடம் புதிதாக எழுதி வாங்குகிறார். நோபுகோ இமாய் வெர்மீர் நால்வர் குழுவில் வாசித்தவர். டோரு டகேமிட்சு அவருக்காக 1989இல் எழுதினார். 1992இல் ஜப்பானில் வயோலாவுக்கென்றே ஒரு விழாவை இமாய் தொடங்கினார். உலகம் சுற்றுவது இதில் ஒரு பகுதி மட்டும். மீதி நேரமெல்லாம் அடுத்தவர் வாசிக்கப் பொருள் சேர்ப்பதில் போகிறது.

இவர்களைச் சாமியாக்கவும் வரவில்லை. யூரி பாஷ்மெட்டுக்காக ஷ்னிட்கே 1985இல் எழுதிய கான்செர்ட்டோவை எத்தனை முறை கேட்டிருப்பேன், தெரியாது. அதே பாஷ்மெட் 2014இல் கிரைமியா விஷயத்தில் புதினை ஆதரித்துக் கையெழுத்துப் போட்டார். அவர் வளர்ந்த ஊரான லிவீவ் நகரின் இசைக் கல்விக்கூடம் கௌரவப் பட்டத்தைப் பறித்தது. இசையை நான் இன்னும் கேட்கிறேன். கையெழுத்தை மறந்துவிட்டுக் கேட்பதில்லை.

நம் இலக்கியக் கூட்டங்களிலும் என் நண்பனின் குரல் கேட்கிறது. "நம்ம நாட்ல வாசகர் இல்ல, அதான் எழுத்து வரல." யார் யாரிடம் எதைக் கேட்டு வாங்கினோம் என்று திருப்பிக் கேட்டால் தே தாரிக்கைக் கலக்க ஆரம்பிக்கிறார்கள்.

அன்று நான் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தது லிகெட்டியின் தனி வயோலா சொனாட்டா. 1990இல் கொலோன் நகரில் தபேயா சிம்மர்மன் வாசித்ததை லிகெட்டி கேட்டார். அவர் கீழ்த் தந்தியைக் கையாண்ட முரட்டு வலுவில்தான் சொனாட்டா எழுதும் எண்ணமே பிறந்தது. 1994இல் எழுதி முடித்தார். முதல் பகுதி முழுவதும் ஒரே தந்தியில் வாசிக்க வேண்டும். வயலினில் இல்லாத, பெட்டி போதாத, அந்தக் கரகரத்த கீழ்த் தந்தியில். ஹெட்போனைக் கழற்றி நண்பனிடம் நீட்டினேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் வைத்திருந்தான், திருப்பித் தரும்போது ஒன்றும் சொல்லவில்லை.