எதை ஆறப்போடுவது?

நாவலை எழுதி முடிச்சாச்சா? தூக்கிப் பரண்மேல போடு. கொஞ்ச நாள் கழிச்சு எடுத்துப் பாரு. கோபம் ஆறியிருக்கும், கலை மிஞ்சும். இலக்கிய மடாதிபதிகள் எழுத வருகிற எல்லோருக்கும் நடத்தும் பால பாடம் இது. எனக்கும் நடத்தினார்கள்.

எட்டு மாதம் கழித்துத்தான் என் கைப்பிரதியை எடுத்தேன். கோபம் ஆறவில்லை. எப்படி ஆறும்? நாவலில் வருகிற சேரிக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. இன்னிக்கும் பிணம் வரப்பு மேலதான் போகுது. எழுதியவனுக்குத்தான் விடுமுறை. எழுதப்பட்டவர்களுக்கு ஏது?

இடைவெளியே வேண்டாம் என்பதல்ல என் கட்சி, தோழர்களே. எழுதும்போது வரி நம்ம கூடவே ஓடி வருது. நாளாகிப் படிச்சா எதிர்ல வந்து நிக்குது. அப்போதான் அதைக் கேட்க முடியும்: நீ யாரைப் பார்த்துப் பேசுற?

இடைவெளி தானாகவே உண்மையைக் கொண்டுவந்துவிடாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1975இல் வந்தது; 1977இல் சாகித்திய அகாதமி விருதும் வாங்கியது. ஏழு வருட இடைவெளி என்ன செய்தது? பண்ணையாரின் ஆண்மைக் குறையை மய்யத்துக்கு இழுத்து வந்தது. கூலியும் சாதியும் பின்னால போச்சு. எந்தத் தெருவில் நின்று திரும்பிப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம்.

நம் பக்கம் பாருங்கள். சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இல் வந்தது. தலித் தலைவரின் ஆணாதிக்கத்தையும் விட்டுவைக்காத நாவல். அதோடு அவர் நிற்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து ‘ஆசிரியர் குறிப்பு’ எழுதி, அச்சேறிவிட்ட தன் நாவலையே விசாரணைக்கு உட்படுத்தினார். திருத்துறதுன்னா இதுதான்.

ஆகவே என் கத்தி இப்படித்தான் போகும். கிழவியின் வசவில் ஒரு சொல்லும் குறையாது. சேரிப் பேச்சுக்கு அடிக்குறிப்பு கிடையாது. அக்கிரகாரத்துப் பலகாரத்துக்கெல்லாம் நமக்கு எவன்யா அர்த்தம் எழுதிக் கொடுத்தான்? ஊர்க்காரன் இரக்கப்படட்டும் என்று அழுகிற வரிகள் போகும். மேடையில் பேசுகிற மாதிரியே வீட்டிலும் பேசுகிற குற்றமற்ற ஆம்பள நாயகனும் போவான். அவன் பொண்டாட்டி பேச இடம் வேணும்.

திருத்தும் இடமும் மாறணும். கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் திருத்தியது போதும். நடவு முடிஞ்சு வந்து திண்ணையில கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற பெண்கள் முன்னால் சத்தமாகப் படியுங்கள். ‘அவ அப்படிப் பேசமாட்டாப்பா’ என்று ஒரு அத்தை சொல்லிவிட்டால் அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதித்தான் ஆகணும். எந்தப் பத்திரிகை மதிப்புரையும் அதற்கு ஈடாகாது.

எழுதுகிற மாணவத் தோழர்களே, பரண்மேல் போடுங்கள், எடுங்கள், கிழித்து எழுதுங்கள். சிவப்பு மைப் பேனாவை மட்டும் அவங்க கையில கொடுத்துடாதீங்க.