பிக்கப் பின்கதவுக்கு ரிமோட் பூட்டு: கொக்கி அப்படியே இருக்கட்டும்!

‘‘எங்களிடம் பிக்கப் வண்டி இருக்கிறது. மல்லாட்டை மூட்டை, காய்கறி ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வாரம் இரண்டு முறை வருகிறோம். திரும்பும்போது உரம், விதை, ரிப்பேர் பார்த்த மோட்டார் எல்லாம் வண்டியில்தான் இருக்கும். பௌர்ணமி நாளில் வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்த வேண்டியிருக்கிறது. கார் கதவு போல, பின்கதவையும் ரிமோட்டில் பூட்டித் திறக்கும்படி செய்ய முடியுமா? உள்ளூர் பட்டறையிலேயே செய்துகொள்ளலாமா?’’
- திருவண்ணாமலை பகுதி வாசகர்

முடியும். வெல்டிங் தெரிந்த ஒருவரும், ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரும் சேர்ந்தால் ஒரே நாளில் முடிகிற வேலைதான். கார் கதவுக்குள் இருக்கும் சின்ன பூட்டு மோட்டார், ஆட்டோமொபைல் உதிரிபாகக் கடைகளில் தனியாகவே கிடைக்கிறது. விலையும் சில நூறு ரூபாய்தான். ஆனால், பட்டறைக்குப் போவதற்கு முன்பு ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். பிக்கப் என்பது மேலே திறந்த வண்டி. பின்கதவை எவ்வளவு கெட்டியாகப் பூட்டினாலும், பக்கவாட்டில் ஏறி மூட்டையைத் தூக்க நினைப்பவனை அது தடுக்காது.

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையிலும் ஊருக்குள்ளும் வண்டிகளை விடுவதில்லை. வெளியூர் வண்டிகள் ஊருக்கு வெளியே ஒதுக்கிய இடங்களில்தான் நிற்கின்றன. மலையைச் சுற்றும் பாதை 14 கிலோமீட்டர். அஷ்டலிங்கங்களையும் பார்த்துக்கொண்டு நடந்தால் நான்கைந்து மணி நேரம் ஆகிவிடும். கார்த்திகை தீபத்தன்று கேட்கவே வேண்டாம். அவ்வளவு நேரமும் வண்டி ஆளில்லாமல் நிற்கும். அங்கே இரண்டு விதமான திருட்டு நடக்கலாம். ஒன்று, ஆள் இல்லை என்று பார்த்து, பின்கதவின் கொக்கியைச் சத்தமில்லாமல் தட்டிவிட்டு, கைக்கு வருவதை எடுத்துக்கொண்டு போவது. இன்னொன்று, திட்டமிட்டு வந்து, ஏறி இறக்குவது. ரிமோட் பூட்டு முதல் வகையைத்தான் தடுக்கும். இரண்டாவது வகைக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

எனவே, வண்டியில் வழக்கமாக இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். மூட்டையும் காய்கறிக் கூடையும் மட்டும் என்றால், தார்ப்பாயை இழுத்துக் கட்டி, பின்கதவுக்கு ரிமோட் பூட்டு போட்டால் போதும். நீர்மூழ்கி மோட்டார், கேபிள், ஸ்டார்ட்டர் பெட்டி, பேட்டரி ஸ்பிரேயர் என்று விலை கூடிய பொருட்கள் அடிக்கடி வண்டியில் இருக்குமானால், கேபினை ஒட்டி ஓர் இரும்புப் பெட்டியை அடித்து, தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கி, ரிமோட் பூட்டை அந்தப் பெட்டிக்குப் போடுவதுதான் புத்திசாலித்தனம். மோட்டார், ரிமோட், வயர் எல்லாம் ஒன்றுதான். பூட்டுகிற இடம் மட்டும் மாறுகிறது.

பின்கதவில் எப்படிப் பொருத்துவது?

இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் போன்ற வண்டிகளில் பின்கதவின் நடுவில் ஒரு கைப்பிடி இருக்கும். அதை இழுத்தால், கதவுக்குள் இருக்கும் இரண்டு கம்பிகள் இரு பக்கத்துப் பூட்டையும் விடுவிக்கும். இதில் வேலை சுலபம். கைப்பிடி அசையாதபடி உள்ளே ஒரு தடையை வைத்து, அந்தத் தடையை மோட்டார் தள்ளி இழுக்கும்படி செய்தால் முடிந்தது.

ஆனால், கிராமங்களில் ஓடுகிற டாடா ஏஸ், பொலேரோ பிக்கப், தோஸ்த் போன்றவற்றில் அப்படி இல்லை. கதவின் இரு மூலையிலும் கொக்கி; கீழே கீல். இங்கேதான் பல பட்டறைகளில் ஒரு தவறு நடக்கிறது. கொக்கியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மோட்டாரால் நகரும் தாழ்ப்பாளைப் போட்டுவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த மோட்டார் நகர்த்தும் தூரமே சுமார் இரண்டு சென்டிமீட்டர். அதன் இழுவிசை சில கிலோதான். மூட்டைகள் சரிந்து கதவை வெளிப்பக்கமாக அழுத்தும்போது, தாழ்ப்பாள் துளையில் இறுகிக்கொள்ளும். ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டார் ‘டக், டக்’ என்று சத்தம் போடுமே தவிர, தாழ்ப்பாள் வராது. அதைவிட ஆபத்து, பாதி நுழைந்த தாழ்ப்பாள் ஓட்டத்தில் அதிர்ந்து விலகி, சாலையில் கதவு திறந்துகொள்வது. பின்னால் இரு சக்கர வண்டியில் வருகிறவர் கதி என்ன ஆகும்?

சுமையைத் தாங்க வேண்டியது கொக்கிதான். கம்பெனி கொடுத்த கொக்கி, அதன் ஊசி, சங்கிலி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ரிமோட் பூட்டின் வேலை, அந்தக் கொக்கியை யாரும் தூக்க முடியாதபடி காவல் காப்பது மட்டுமே. கொக்கியை மாட்டிய பிறகு, அதன் கைப்பிடிக்கு மேலே ஒரு சிறு கம்பி வந்து நிற்க வேண்டும். அந்தக் கம்பியைத்தான் மோட்டார் நகர்த்துகிறது. கம்பியின் மேல் எந்தச் சுமையும் விழாததால், மூட்டை எப்படிச் சரிந்தாலும் அது தடையில்லாமல் நகரும். மோட்டார் பழுதானாலும் கொக்கி பிடித்துக்கொண்டிருக்கும். இரு பக்கத்துக் கொக்கிக்கும் ஒவ்வொரு மோட்டார் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால், மெல்லிய தகடுக் கதவை மறுபக்கம் வளைத்து கையை விட்டுவிடலாம்.

மோட்டாரை, முடிந்தவரை, அசையாத பாகத்தில் பொருத்தச் சொல்ல வேண்டும். கதவில் பொருத்தினால், தினமும் திறந்து மூடும்போது வயர் மடங்கி மடங்கி ஆறு மாதத்தில் உள்ளேயே அறுந்துவிடும்.

கீலையும் கவனிக்க வேண்டும். பல வண்டிகளில் கீல் ஊசியை ஒரு சிறு பின்தான் பிடித்திருக்கிறது. அதைக் கழற்றி ஊசியை உருவினால், மேலே பூட்டு இருந்தும் பயனில்லை. கதவே கையோடு வந்துவிடும். அமெரிக்காவில் பிக்கப்பில் இருக்கும் பொருளை விட்டுவிட்டு, பின்கதவையே கழற்றிக்கொண்டு போகிற திருட்டு பெரிய தொல்லையாக இருக்கிறது. கேமரா பொருத்திய கதவுக்கு அங்கே நல்ல விலை. கீலிலிருந்து தூக்கி எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாதாம். அங்கே பின்கதவுக்கு மின்பூட்டு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். நம் வண்டிக்கு, ஊசியின் முனையில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால் போதும்.

வெல்டிங் செய்வதற்கு முன்பு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்-6 வண்டி என்றால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டியின் இணைப்பையும் எடுத்துவிடுவது நல்லது. சில நூறு ரூபாய் பூட்டுக்கு ஆசைப்பட்டு, பல ஆயிரம் ரூபாய் பெட்டியைக் கருக்கிக்கொள்ளக் கூடாது. கேஸ் வண்டியாக இருந்தால், சிலிண்டருக்கும் குழாய்க்கும் அருகில் வெல்டிங் பேச்சே வேண்டாம்; போல்ட் போட்டே முடித்துக்கொள்ள வேண்டும்.

வயரிங்

பூட்டு மோட்டார் இரண்டு வயர் கொண்டது. ஒரு வயரில் பாசிட்டிவ், மறு வயரில் நெகட்டிவ் கொடுத்தால் கம்பி வெளியே வரும். மாற்றிக் கொடுத்தால் உள்ளே போகும். இவ்வளவுதான் சூட்சுமம். ரிமோட் செட்டில் வரும் கட்டுப்பாட்டுப் பெட்டி, இந்த மாற்றத்தை அரை நொடி மின்சாரம் கொடுத்துச் செய்துவிடுகிறது. ரிமோட்டே வேண்டாம் என்பவர்கள், கேபினுக்குள் மறைவான இடத்தில் பவர் விண்டோ சுவிட்ச் ஒன்றைப் பொருத்தியும் இதே வேலையைச் செய்யலாம். கேபினைப் பூட்டிவிட்டால் பின்கதவும் காவலில்தான். மலிவானது, கெடுவதற்கும் அதிகம் இல்லை. ஆனால் சுவிட்சை ஒரு தட்டு தட்டி விட்டுவிட வேண்டும். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் மோட்டார் கருகும்.

வண்டியில் ஏற்கெனவே சென்ட்ரல் லாக் இருந்தால், அதே சாவி ரிமோட்டில் பின்கதவையும் சேர்க்கலாம். அப்போதும், கதவு மோட்டாரின் வயரை வெட்டி நேராகச் சேர்க்காமல், இடையில் ரிலே போட்டு, மோட்டாருக்கான மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து தனியாகக் கொண்டுவர வேண்டும். வாரண்டி முடியாத வண்டி என்றால், முதலில் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட வேண்டும். வயரை வெட்டியிருப்பதைக் காட்டி, மின்பாகங்களுக்கான வாரண்டியை மறுத்துவிடக்கூடும்.

ஃபியூஸ் இல்லாமல் எந்த இணைப்பும் வேண்டாம். செட்டில் சொல்லியிருக்கும் அளவு ஃபியூஸை, பேட்டரிக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் போட்டால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. வயரை ஸ்லீவுக்குள் விட்டு, சைலன்சரை விட்டு விலக்கி, சேஸிஸ் ஓரமாகக் கட்டிக்கொண்டு போக வேண்டும். தகட்டில் துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம்.

கார் கதவுக்குள் நனையாமல் இருப்பதற்காகச் செய்த மோட்டார் இது. நம் வண்டியிலோ எரு, யூரியா, பொட்டாஷ், ஈர நெல் எல்லாம் ஏறுகிறது. உரத்தில் இருக்கும் உப்பு, செம்பு முனைகளைச் சீக்கிரம் அரித்துவிடும். மோட்டாரைத் தகடுப் பெட்டிக்குள் வைத்து, கம்பி வரும் துளை கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கும்படி பொருத்தி, பெட்டியின் அடியில் நீர் வடிய ஒரு துளை விட வேண்டும். உரம் ஏற்றிய அன்று தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம். பிரஷர் வாஷ் செய்யும்போது மட்டும் அந்தப் பக்கம் குழாயைக் காட்டாமல் இருந்தால் நல்லது.

சாவி இல்லாத பூட்டு வேண்டாம்

பேட்டரி இறங்கிவிட்டால் என்ன செய்வது? விற்பனைக் கூடத்தில் மூட்டை இறக்க ஆள் நிற்கும்போது கதவு திறக்கவில்லை என்றால் கூலியும் போய், முறையும் போய்விடும். எனவே கையால் திறக்க ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். பூட்டுக் கம்பியோடு ஒரு பிரேக் கேபிளை இணைத்து, அதன் மறுமுனையைக் கேபினுக்குள் சீட்டுக்கு அடியில் கொண்டுவந்துவிட்டால் போதும்.

ரிமோட் வாங்கும்போது, ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் குறியீடு மாறுகிற வகையா என்று கேட்டு வாங்க வேண்டும். ஒரே குறியீட்டை அனுப்பும் மலிவு ரிமோட்டை நகலெடுப்பது எளிது. பூட்டிய பிறகு, சத்தத்தை மட்டும் நம்பிப் போகாமல் கொக்கியை ஒருமுறை கையால் தூக்கிப் பார்த்துவிட்டு நகர வேண்டும்.

பட்டனை அழுத்தினால் கதவு தானாக விழுகிற அமைப்பைச் சிலர் விரும்பிக் கேட்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். கதவுக்குப் பின்னால் குழந்தை நிற்பது டிரைவருக்குத் தெரியாது. அதேபோல, ஆடு, மாடு ஏற்றிய வண்டியை ரிமோட்டில் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. வண்டி சாய்ந்தாலோ தீப்பிடித்தாலோ, பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் கதவைத் திறக்க முடிய வேண்டும். தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்கு வருகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஆர்.டி.ஓ., இன்ஷூரன்ஸ்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத்தான் தடுக்கிறது. பூட்டு போடுவதால் அந்த விவரம் எதுவும் மாறுவதில்லை. ஆனால், திருட்டுக்குப் பயந்து மேலே நிரந்தரக் கூண்டு அடித்து மூடுவதாக இருந்தால், அது பாடியையே மாற்றுவது. முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். வண்டி இன்ஷூரன்ஸ் வண்டிக்குத்தான். அதில் இருக்கும் மூட்டை திருடு போனால் அந்தப் பாலிசியில் இழப்பீடு கிடைக்காது.

‘‘எங்களுடையது பெரிய லாரி. இதே செட்டைப் போடலாமா?’’ என்று இன்னொரு வாசகரும் கேட்டிருக்கிறார். சிறிய பிக்கப்புகளில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. பெரிய லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் செட்டை அதில் நேராகக் கொடுத்தால் கருகிவிடும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கிற குறுக்குவழியும் வேண்டாம். ஒன்று இறங்கி, மற்றொன்று அதிகமாக சார்ஜ் ஆகி இரண்டும் கெடும். 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளலாம், அல்லது 24 வோல்ட்டுக்கென்றே வரும் பூட்டு செட்டைக் கேட்டு வாங்கலாம்.