போர் போட்ட பிறகு பாயிண்ட் பார்த்தவர் எங்கே போறார்?

தேங்காயைக் கையில் வச்சுக்கிட்டுப் பாயிண்ட் பார்க்கிறவரை நான் ஒண்ணும் சொல்லல. சாமி விட்ட வழின்னு அவர் போயிடுவார். நான் கேட்கிறது மீட்டர் பெட்டியோட வர்றவரை. நாலு கம்பியை நட்டு, கரண்ட் விட்டு, "அண்ணே, 420 அடியில கேப் இருக்கு"ன்னு தாள்ல எழுதிக் கொடுத்துட்டு காசு வாங்கிட்டுப் போறார். ரிக் வண்டி வந்து 900 அடி ஓட்டியும் புகைதான் வருது. நகை அடமானத்துல போச்சு. அவர் ஒருநாளாவது திரும்பி வந்து, "நான் சொன்ன 420-ல என்ன கல்லு வந்துச்சு?"ன்னு கேட்டிருக்காரா?

எங்க தங்கச்சி பையன் வளைகுடா நாட்டுல எண்ணெய்க் கிணத்துல வேலை பார்க்கிறான். அங்கே எப்படின்னு பொங்கலுக்கு வந்தப்ப சொன்னான். தரையை அதிர வச்சு, கீழே பாறையில பட்டுத் திரும்புற அதிர்வைப் பதிவு பண்றாங்க. ஆனா அந்தப் படத்துல அடிக்கணக்கு கிடையாது, நேரம்தான் இருக்கும். கெட்டிக் கருங்கல்லுல சத்தம் நொடிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல ஓடும். ஈர மண்ணுல அதில் பாதிகூட ஓடாது. அப்போ ஒரு கோடு எத்தனை அடியில இருக்குன்னு படத்தை மட்டும் வச்சு எவன் சொல்ல முடியும்?

அதனால தோண்டின கிணத்துக்குள்ள கருவியை இறக்கி, ஒவ்வொரு அடியிலும் சத்தம் கடக்கிற நேரத்தையும் பாறையோட அடர்த்தியையும் அளக்கிறாங்க. வேகத்தையும் அடர்த்தியையும் பெருக்கினா வர்ற எண் எங்கே சட்டுனு மாறுதோ, அங்கேதான் எதிரொலி கிளம்பும். அதை வச்சு "இந்தப் பாறைக்கு இப்படித்தான் அதிர்வு வந்திருக்கணும்"னு கம்ப்யூட்டர்ல ஒரு கோடு போடுறாங்க. அதுக்குப் பேர் சிந்தெடிக் சீஸ்மோகிராம். அதைக் களத்துல எடுத்த படத்துக்குப் பக்கத்துல வச்சு, மேடு மேட்டோட பள்ளம் பள்ளத்தோட சேருதான்னு பார்த்த பிறகுதான், இந்தக் கோடு இன்ன பாறைன்னு வாயைத் திறப்பாங்களாம். சேரலைன்னா, கிணத்துச் சுவர் சரிஞ்சு அடர்த்தி தப்பா வந்துச்சான்னு தேடுவாங்க. இழுத்துச் சுருக்கி எப்படியோ பொருத்துற ஆளுங்களும் உண்டாம். அது எங்கதான் இல்ல!

"அவன் கோடீஸ்வரக் கம்பெனி, நாம எங்கே"ன்னு உடனே கிளம்பி வருவீங்க. தெரியும். நம்ம மீட்டர் அதிர்வைப் பார்க்கிறதில்ல, கரண்ட் ஓடுறதைப் பார்க்குது, அதுவும் தெரியும். ஆனா சரிபார்க்க எதுக்குக் கோடி? ரிக் வண்டியில ஒரு ராடு 20 அடி. ராடு மாத்தும்போதெல்லாம் வெளிய வந்த தூள் என்ன நிறம், இறங்க எத்தனை நிமிஷம் ஆச்சு, எங்கே கேப், எங்கே ஈரம்னு எழுதினாப் போதும். ஒரு நோட்டு, ஒரு பேனா. நமக்குக் கிடைக்கிற பில்லுல மொத்த அடியும் கேசிங் அடியும் தவிர வேற ஏதாவது இருக்கா?

இது வெட்டி வேலை இல்லைங்க. தண்ணி இருக்கிற சிதைஞ்ச பாறையிலயும் கரண்ட் நல்லா ஓடும், களிமண்ணுலயும் நல்லா ஓடும். மீட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான். முதல் போர்ல வந்தது களிமண்ணுன்னு போய்ப் பார்க்காதவர், அடுத்த காட்டுலயும் அதே களிமண்ணைக் காட்டித் தண்ணின்னுதான் சொல்வார். அந்தக் காட்டுக்காரரும் கடன் வாங்குவார். காஞ்ச போர் ஒவ்வொண்ணும் நாம காசு கொடுத்து வாங்கின அளவு. அதை மண்ணு போட்டு மூடிட்டுப் போறோம்.

இனிமே பாயிண்ட் பார்க்கிறவருக்குப் பாதிக் காசுதான் முன்னாடி. மீதி, ரிக் ஓடுற அன்னைக்கு வந்து நின்னு, தன் தாளையும் ராடு கணக்கையும் பக்கத்துல வச்சுப் பார்த்த பிறகு. பஞ்சாயத்துல சர்வே நம்பர் வாரியா அந்த நோட்டுக்கு ஒரு நகல் இருக்கணும்.

எங்க தெருவுல அடுத்த போர் ஆடி கழிச்சு. நோட்டு வாங்கி வச்சுட்டேன். அவர் வர்றாரான்னு பார்ப்போம்.