சக்கரம் கழன்றால் என்ன ஆகும்?

சுங்கைப் பட்டாணியில் இருக்கும் என் அத்தைக்கு இப்போது தூக்கம் இல்லை. மகன் எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டு லங்காவியில் விமானிப் பயிற்சிக்குப் போகிறேன் என்கிறான். 2025 ஆகஸ்டில் இந்தியாவின் பாராமதியில் ஒரு பயிற்சி விமானம் தரையிறங்கியபோது முன்சக்கரம் கழன்று, புல்தரையில் போய் நின்ற செய்தியை யாரோ அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். விமானிக்குக் காயமில்லை என்ற வரியை மட்டும் அத்தை படிக்கவில்லை. பொறியியல் படிக்கிறேன் என்பதால் என்னைப் பிடித்துக்கொண்டார்.

மாணவர்கள் அதிகம் ஓட்டும் செஸ்னா 172 விமானத்தில் சக்கரங்கள் மடங்குவதில்லை. எப்போதும் கீழேயே இருக்கும். ஆனால் முன்சக்கரத்தின் கால் மெலிந்தது. எடையைத் தாங்கப் பின்னால் உள்ள இரண்டு முதன்மைச் சக்கரங்கள்தான் முதலில் தரையைத் தொட வேண்டும். வேகமாக வந்து முன்சக்கரம் முதலில் மோதினால் விமானம் துள்ளும். பதறிப்போய் மூக்கைக் கீழே அழுத்தினால் இன்னும் பலமாகத் துள்ளும். அடுத்த மோதலில் கால் முறியலாம், சுழலி தரையில் இடிக்கலாம். இயந்திரத்துக்கு முழு விசை கொடுத்து மீண்டும் மேலே போய்விடுவதே சரியான வழி.

மடங்கும் சக்கரம் உள்ள விமானங்களில் சிக்கல் வேறு. சக்கரத்தை இறக்கவே சிலர் மறந்துவிடுகிறார்கள்! சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டால் பச்சை விளக்குகள் எரியும், இல்லாவிட்டால் எச்சரிக்கை ஒலி கேட்கும். அப்படியும் வயிற்றால் தேய்த்து இறங்குவது நடக்கிறது. சுழலியும் இயந்திரமும் பாழாகும். உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் நடந்தே வெளியே வருவார்கள்.

உயிரை வாங்குவது பல நேரம் கவனம் சிதறுவதுதான். 1972 டிசம்பர் 29 இரவு, மயாமியை நெருங்கிய ஈஸ்டர்ன் 401 என்ற பெரிய பயணிகள் விமானத்தில் முன்சக்கரத்தின் பச்சை விளக்கு எரியவில்லை. விமானிகள் 2,000 அடி உயரத்தில் வட்டமிட்டபடி அந்த விளக்கைக் கழற்றிப் பார்ப்பதில் மூழ்கிவிட்டார்கள். விமானம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் மோதி 101 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது. விளக்குதான் பழுது.

2020 மே மாதம் கராச்சியில் நேர் எதிர். எச்சரிக்கைகள் ஒலித்துக்கொண்டே இருக்க, சக்கரம் இல்லாமலே ஓடுபாதையைத் தொட்டார்கள். இயந்திரங்கள் உரசிச் சேதமான நிலையில் மீண்டும் மேலெழுந்தார்கள். விமானத்தில் இருந்த 99 பேரில் இருவர்தான் பிழைத்தார்கள்.

அத்தைக்கு இவ்வளவும் சொல்லவில்லை, பயந்துவிடுவார். அவர் மகனிடம் மட்டும், பணம் கட்டும் முன் பயிற்சிப் பள்ளியில் கேட்கச் சொல்லி ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தேன்: தரையிறங்கும்போது சரியில்லை என்று பட்டு ஒரு மாணவன் தானாகவே மீண்டும் மேலே போனால், அவனுக்குத் திட்டு விழுமா, பாராட்டா?