சாவி யார் கையில்?

வீட்டுப் பெட்டியின் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பார் உண்டோ? "பணத்தைத் தொடமாட்டேன், உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டுப் பூட்டிவிடுகிறேன்" என்று அவன் உறுதி கூறினாலும் கொடுக்கமாட்டோம். ஆனால், கைப்பேசியில் 'சம்மதம்' என்ற பொத்தானைத் தொட்டு, வங்கிக் கணக்கின் சாவியை முன்பின் அறியாத நிதிச் செயலிகளிடம் அன்றாடம் ஒப்படைத்து வருகிறோம்!

வங்கிக் கணக்கு வெறும் வரவு செலவுப் பட்டியலா? அன்று. மருந்துக் கடைக்குச் சென்ற தொகை, வீட்டிலுள்ள நோயைச் சொல்லும். அடகுக் கடைக்குக் கட்டிய வட்டி, குடும்பத்தின் முடையைச் சொல்லும். தொழிற்சங்கச் சந்தாவும் கட்சி நன்கொடையும் நம் கொள்கையையே சொல்லிவிடும். வாக்குச் சீட்டுக்கு மறைவு தேடிக்கொண்ட மக்கள், கணக்கேட்டை மட்டும் கடைவீதியில் விரித்து வைக்கலாமா?

"விருப்பப்பட்டுத்தானே சம்மதித்தார்கள்?" என்பர் சிலர். பள்ளிக் கட்டணத்துக்கு மறுநாள் கெடு, கையிலோ காசில்லை. அந்நிலையில் தரும் சம்மதம் விருப்பமா, வேறு வழியின்மையா? இந்த இல்லாமையே பலருக்கு முதலாயிற்று. 2021 சனவரி, பிப்ரவரித் திங்களில் இந்தியாவில் கிடைத்த கடன் செயலிகள் ஏறத்தாழ 1,100. அவற்றுள் 600 சட்டத்துக்குப் புறம்பானவை என்று ரிசர்வ் வங்கி அமைத்த குழுவே கூறிற்று. கடன் வாங்கியவரின் கைப்பேசியிலிருந்த எண்களை எடுத்து, உற்றார் உறவினரை அழைத்து, மானத்தை ஏலம் போட்டனர் சிலர். அதன் பின்னரே, 2022 செப்டம்பர் 2-இல், தொடர்பு எண்களையும் அழைப்பு விவரங்களையும் செயலிகள் தொடலாகாது என விதித்தது ரிசர்வ் வங்கி.

அறிவியலை வெறுப்பவரல்லர் நாம். 2021 செப்டம்பரில் செயல்படத் தொடங்கிய 'கணக்குத் திரட்டி' முறையில், கடவுச்சொல்லைத் தரவேண்டியதில்லை, எந்த நோக்கத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று வரையறுத்துச் சம்மதம் தரலாம், திரும்பவும் பெறலாம். நல்ல ஏற்பாடுதான். ஆயினும், சம்மதிக்க மறுப்பவனுக்குக் கடன் கதவு அடைபடுமானால், மறுக்கும் உரிமை ஏட்டுச் சுரைக்காயன்றோ?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆறாண்டு கழித்து, 2023-இல் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் வெளிவரவோ 2025 நவம்பர் ஆயிற்று. முதன்மையான கடமைகளை நிறைவேற்ற 18 மாதத் தவணை வேறு! அரசின் அமைப்புகளுக்கு விலக்களிக்கவும் அச்சட்டத்தில் வழியுண்டு. காவலனுக்கே விலக்கு என்றால், காவல் எதற்கு?

நாம் கேட்பது அதிகமன்று. கணக்கைக் காட்ட மறுப்பவர்க்கும் கடன் பெற மாற்றுவழி வேண்டும். கடன் தீர்ந்ததும், சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை நீங்கலாக, விவரங்கள் அழிக்கப்படவேண்டும். சம்மதப் படிவத்தைத் தமிழில் பெறும் வாய்ப்பைச் சட்டமே தந்திருக்கிறது. அந்தத் தமிழ் முதல் பக்கத்திலேயே, எளியோர்க்கும் விளங்கும் வண்ணம் இருக்கவேண்டும்.

அதுவரை வாளாவிருப்பதோ? தோழர்களே! ஒரு மாலைப்பொழுதைப் படிப்பகத்தில் இதற்கென ஒதுக்குங்கள். அண்டை வீட்டாரின் கைப்பேசியில் எந்தச் செயலிக்கு எந்த அனுமதி தரப்பட்டிருக்கிறதென்று அவர்களுக்கே காட்டுங்கள். தேவையற்றதைத் திரும்பப் பெறக் கற்றுக்கொடுங்கள். கடவுச்சொல்லை நம்மிடமும் சொல்லவேண்டாம் என்பதை முதற்பாடமாக்குங்கள்.

சாவி, பெட்டிக்கு உரியவர் கையிலேயே இருக்கட்டும்!