ஏ.டி.எம். திரை யாருடைய கண்ணுக்கு எதிரே இருக்கிறது?

இலவச எண்ணிக்கையைத் தாண்டி ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் ஒரு முறைக்கு 23 ரூபாய் வரை பிடித்துக்கொள்ள 2025 மே 1 முதல் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. ஊடகங்களில் சில நாள் விவாதம் நடந்து அடங்கிவிட்டது. கட்டணத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு, கட்டணம் கட்டியும் அந்த இயந்திரத்தைத் தன் கையால் இயக்க முடியாதவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைத்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

நம் ஊர்களின் நிலையைக் கொஞ்சம் பாருங்கள். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், மேலப்பாளையம் என எந்த ஊரை எடுத்தாலும் மகன் வளைகுடாவில் இருப்பார். மாதம் பிறந்ததும் உம்மாவின் கணக்கில் பணம் விழும். எடுப்பது யார்? முதுகு வளைந்த மூதாட்டி, பக்கவாதத்தில் ஒரு கை ஓய்ந்த வாப்பா, போலியோவில் கால் சூம்பி சக்கர நாற்காலியில் இருக்கும் அண்ணன். இவர்கள் கூண்டுக்குள் போனதும் காவலாளியையோ வரிசையில் அடுத்து நிற்பவரையோ பார்த்து, "தம்பி, கொஞ்சம் எடுத்துக் கொடுங்க" என்கிறார்கள். அந்த நொடியில் கார்டும் பின் நம்பரும் அந்நியர் கைக்குப் போய்விடுகின்றன. உதவுவதுபோல் நடித்து, வேறொரு கார்டை மாற்றிக் கொடுத்துவிட்டுக் கணக்கைக் காலி செய்யும் மோசடி குறித்துக் காவல்துறை பலமுறை எச்சரித்துவிட்டது. "பின் நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று அந்தக் கூண்டிலேயே எழுதியும் ஒட்டியிருக்கிறார்கள். திரையே தெரியாதவர் சொல்லாமல் என்ன செய்வார்?

எழுதப் படிக்கத் தெரியாததால் உதவி கேட்பவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நாம் சொல்வது, தமிழில் நன்றாகப் படிக்கத் தெரிந்தும் திரையில் இருப்பது கண்ணுக்கு எட்டாதவர்களை.

பெரும்பாலான ஏ.டி.எம். திரை, நின்றுகொண்டிருக்கும் நடுத்தர உயர ஆணின் பார்வைக்கு ஏற்றபடி பொருத்தப்பட்டிருக்கிறது. சக்கர நாற்காலியில் இருந்து அண்ணாந்து பார்த்தால் கண்ணாடியில் மேற்கூரை விளக்குதான் பளபளக்கும். கூண்டின் வாசல் கிழக்கையோ மேற்கையோ பார்த்திருந்தால் காலையிலும் மாலையிலும் வெயில் வேறு. பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்க்காமல் இருக்கத் திரைமேல் ஒட்டும் படலமும் ஒரு கோணத்துக்கு மேல் எழுத்தை இருட்டடித்துவிடும்.

இன்னொரு சிக்கல் பலர் கவனிக்காதது. திரையின் இருபுறமும் பொத்தான்கள் உள்ள பழைய வகை இயந்திரங்களில் திரை சற்று உள்ளே தள்ளி இருக்கும்; பொத்தான்கள் முன்னால் இருக்கும். நேர் எதிரே நின்றால் 'பணம் எடுக்க' என்ற வரியும் அதற்கான பொத்தானும் ஒரே கோட்டில் தெரியும். கீழிருந்து பார்த்தால் வரி ஒரு படி தள்ளித் தெரியும். அழுத்துவது ஒன்று, நடப்பது வேறொன்று. "எனக்கு இந்த மிஷினே ஒத்துவராது" என்று சலித்துக்கொள்ளும் பெரியவர்களில் எத்தனை பேருக்குக் குறை கண்ணில் இல்லை, திரையின் உயரத்தில் இருக்கிறது என்று தெரியும்?

இயந்திரத்தையே தாழ்த்தி வைத்தால் என்ன என்று கேட்கலாம். கீழ்ப்பாதி முழுக்கப் பணப்பெட்டகம். தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அதைத் தொடுவது கடினம். திரை இருப்பது மேல்பெட்டியில். ஏற்றி இறக்கவும் சாய்க்கவும் ஓரளவு வாய்ப்புள்ள பாகம் அதுதான். வெளிநாடுகளில் சுயசேவை இயந்திரங்களுக்கென உயரமும் சாய்வும் மாற்றக்கூடிய திரைத் தாங்கிகள் வருவது இதற்காகவே. பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. வீட்டு டிவியைச் சுவரில் மாட்டும் ஸ்டாண்டின் உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய திரைகளின் முதுகில் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருக்கும். 'வெசா' என்ற பொது அளவு அது. அதில் ஒரு கீலைப் பொருத்தினால் திரை சாயும். அலுவலக நாற்காலியை ஏற்றி இறக்கும் வாயு உருளை போன்ற ஒன்றையோ சிறு மோட்டாரையோ சேர்த்தால் மேலும் கீழும் நகரும்.

வங்கித் தரப்புக்கும் நியாயமான தயக்கம் உண்டு. நகரும் பாகம் இருந்தால் உள்ளே கேபிள் மடங்கி மடங்கித் தேயும். திரைக்கும் உடலுக்கும் இடையே இடைவெளி விழுந்தால், கார்டு விவரத்தைத் திருடும் கருவியையோ கேமராவையோ அங்கே ஒளித்துவைக்க வழி கிடைக்கும். காவலாளி இல்லாத கூண்டில் யாராவது பிடித்து ஆட்டுவார்கள். சரி, வாடிக்கையாளர் கையால் நகர்த்தும் திரை வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். பொருத்தும்போதே தாழ்வாகவும் சாய்வாகவும் பூட்டிவிடலாம். ஒரே கூண்டில் இரண்டு இயந்திரம் வைக்கும் இடங்களில் ஒன்றையாவது தாழ்ந்த வகையாக வாங்கலாம். நெடுந்திரை உள்ள இயந்திரங்களில், ஒரு பொத்தானைத் தொட்டால் தேர்வுகள் எல்லாம் திரையின் கீழ்ப்பாதிக்கு இறங்கிவரும்படி மென்பொருளில் செய்யலாம். மெக்டொனால்ட்ஸ் உணவகங்களின் ஆர்டர் இயந்திரங்களில் இந்த வசதி உண்டு. பர்கர் வாங்க முடிகிறது, பென்ஷன் எடுக்க முடியவில்லை!

சட்டம் என்ன சொல்கிறது? சட்டம் இருக்கிறது, அதிலும் தெளிவாகவே இருக்கிறது. புதிதாக வைக்கும் ஏ.டி.எம்.களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பிரெயில் விசைப்பலகையுடன் பேசும் இயந்திரங்களாக இருக்க வேண்டும் என்று 2009இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2014 ஜூலை 1 முதல் புதிய இயந்திரங்கள் அனைத்தும் அப்படியே இருக்க வேண்டும் என்றது. சாய்வுதளம் அமைக்கச் சொன்னது. இயந்திரத்தின் உயரம் சக்கர நாற்காலியில் வருபவருக்குத் தடையாக இருக்கக்கூடாது என்றும் சொன்னது. சாய்வுதளம் அமைக்க முடியாத இடத்தில் அதற்கான காரணத்தைப் பதிவு செய்து அங்கேயே எழுதி வைக்க வேண்டும் என்பது வரை அதில் உண்டு. அப்படி எழுதி வைத்த கூண்டு ஒன்றை வாசகர்கள் யாரேனும் பார்த்திருந்தால் அதிசயம்தான்.

கூர்ந்து பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். பேசும் இயந்திரத்துக்கு எண்ணும் தேதியும் கொடுத்தார்கள். மூன்றில் ஒன்று, பிறகு அனைத்தும், இந்தத் தேதியிலிருந்து. ஆகவே ஆய்வாளர் கேட்கலாம், வங்கி பதில் சொல்லியாக வேண்டும். உயரத்துக்கு 'தடையாக இருக்கக்கூடாது' என்ற ஒற்றை வரிதான். எத்தனை சென்டிமீட்டர்? திரை எங்கிருந்து தெரிய வேண்டும்? அந்த வரியில் விடை இல்லை. அளவு இல்லாத விதியை மீறியதாக யாரைப் பிடிக்க முடியும்?

அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் தரநிலையில் இதற்கு நேரடி விடை உண்டு. கை எட்டும் உயரம் அதிகபட்சம் 48 அங்குலம், அதாவது சுமார் 122 சென்டிமீட்டர். இயந்திரத்தின் முன்னுள்ள காலியிடத்தின் நடுவில், தரையிலிருந்து 40 அங்குல உயரத்தில் ஒரு புள்ளி. அங்கிருந்து பார்த்தால் திரை தெரிய வேண்டும். ஒரு டேப்பை வைத்து யார் வேண்டுமானாலும் சோதித்துவிடலாம். தென்கொரியாவில் உணவகம், மருத்துவமனை என எங்கும் சுயசேவை இயந்திரங்கள் பெருகியபின், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அவை இருக்க வேண்டும் என்ற விதியை 2023 ஜனவரியிலிருந்து படிப்படியாக அமல்படுத்தத் தொடங்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே உள்ள இயந்திரங்கள் அவற்றின் ஆயுள் முடியும்வரை, அதிகபட்சம் 20 ஆண்டு, தொடர்வதற்கு உறுப்பு நாடுகள் அனுமதிக்கலாம் என்று அதில் ஒரு சலுகை. இந்தச் சலுகை நமக்கொரு எச்சரிக்கை. இன்று தவறான உயரத்தில் வாங்கி நிறுத்தும் இயந்திரம் பல வருடம் அப்படியே நிற்கும். இந்தியாவில் சுமார் 2.5 லட்சம் ஏ.டி.எம்.கள் உள்ளன. அடுத்த டெண்டரில் திரை உயரமும் கோணமும் ஒரு நிபந்தனையாக ஏறவில்லை என்றால் இன்னொரு தலைமுறை முதியவர்கள் அந்நியரிடம் பின் நம்பர் சொல்வார்கள்.

நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வலுவானதே. 46ஆவது பிரிவின்படி அரசு, தனியார் என்ற பேதமின்றி சேவை வழங்குவோர் அனைவரும், விதிகள் வெளியான இரண்டு ஆண்டுக்குள் அணுகத்தக்க வகையில் சேவை தர வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2019லேயே முடிந்துவிட்டது. பல துறைகளுக்கும் வழிகாட்டிகள் வந்தன. ஆனால் அவற்றைப் பின்பற்றுவது அவரவர் விருப்பம் என்ற நிலையே நீடித்தது. இந்தக் குறையைத்தான் 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. விதிகளின் 15ஆவது பிரிவு வெறும் பரிந்துரைகளையே தருகிறது, சட்டமோ கட்டாயத்தைக் கேட்கிறது என்று கூறி அதைச் சட்டத்துக்கு முரணானது என அறிவித்தது. மீறக்கூடாத குறைந்தபட்ச அளவுகளை மூன்று மாதத்தில் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று வந்த மற்றொரு தீர்ப்பும் முக்கியமானது. அமில வீச்சில் முகம் பாதிக்கப்பட்டவர்கள் கண் சிமிட்ட முடியாததால் வங்கிக்கான இணையவழி அடையாளச் சரிபார்ப்பு தடைபட்டது குறித்த வழக்கு அது. டிஜிட்டல் சேவையை அணுகுவது, அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் கூறியது.

"எல்லாம் யூ.பி.ஐ. ஆகிவிட்டது, ஏ.டி.எம். எதற்கு?" என்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கைபேசியைக் கையாள முடிந்தவர் அதைச் செய்துகொள்கிறார். ரொக்கத்தை நம்பி இருப்பவர்கள் பெரும்பாலும் நாம் மேலே சொன்னவர்களே. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. தேவைப்படுவோர் கிளையில் கேட்டுப் பெறலாம். அது இருப்பதால் கூண்டுக்குள் திரை எட்டாமல் இருக்கலாம் என்று ஆகிவிடாது.

நம் ஜமாஅத்துகள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஒரு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு இளைஞர்கள் ஊரிலுள்ள ஏ.டி.எம்.களுக்குப் போகட்டும். படி எத்தனை, சாய்வுதளம் உண்டா, தரையிலிருந்து திரையின் நடுப்பகுதிக்கு எவ்வளவு உயரம், நாற்காலியில் அமர்ந்து பார்த்தால் எழுத்து தெரிகிறதா என்று குறித்துக்கொண்டு கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுக்கட்டும். 30 நாளில் பதில் இல்லை என்றால் சேவைக் குறைபாடு என்று ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; விவரம் கேட்க 14448 என்ற எண் உள்ளது. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் முறையிடலாம்.

அதைவிட எளிய வழி ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. பல ஊர்களில் பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளும் வக்ஃப் கட்டடங்களும் வாடகைக்கு விடப்படுகின்றன. அவற்றில் ஏ.டி.எம். வைக்கக் கேட்டு வங்கியோ அதன் ஒப்பந்ததாரரோ வந்தால், இடம் கொடுப்பவர் நாம். வாடகையையும் முன்பணத்தையும் பேசும்போதே, சாய்வுதளம் இருக்க வேண்டும், அமர்ந்திருப்பவருக்கும் தெரியும் உயரத்தில் திரை இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கலாம். ஏற்கெனவே ஏ.டி.எம். இயங்கும் கடைகளுக்கு ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்க வருகிறது என்று நிர்வாகிகள் இப்போதே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.