முறையிட ஆளில்லாத குற்றம்

ஜொகூர் கடற்பாலத்தின் இரு கரைகளிலும் ஒரு காலத்தில் ஒரே சட்டம் இருந்தது, இன்று இல்லை. ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவைச் சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 நவம்பர் 29ஆம் தேதி நீக்கியது. 2023 ஜனவரி 3 முதல் அக்கரையில் அந்தப் பிரிவு நடைமுறையில் இல்லை. இக்கரையிலோ, வயது வந்த இருவர் மனமொத்து நான்கு சுவருக்குள் கொள்ளும் உறவுக்கு மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 377பி பிரிவு 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. விடியுமுன் பாலம் கடந்து வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்பும் நம் மக்களிலும் தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. 377பி பிரிவை நாடாளுமன்றம் நீக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. மேலை நாடுகள் செய்துவிட்டன, நாமும் செய்வோம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தன்பாலீர்ப்பு சரியா தவறா என்பதில் வாசகர்கள் எல்லாரும் நம்மோடு ஒத்துப்போக வேண்டிய தேவையும் இல்லை. பாதிக்கப்பட்டேன் என்று முறையிட ஒருவரும் இல்லாத செயலைக் குற்றமாக்கினால், அந்தச் சட்டத்தை எந்த அரசாலும் நேர்மையாக நடத்த முடியாது. அதைத் தன் அனுபவத்தில் கண்டுகொண்ட நாடு, அந்தச் சட்டத்தை எழுதிய இங்கிலாந்துதான்.

அதுவரை திருச்சபை நீதிமன்றங்கள் பாவமாகக் கருதி விசாரித்ததை, 1533இல் எட்டாம் ஹென்றி மன்னரின் நாடாளுமன்றம் அரசு தூக்கிலிடும் குற்றமாக மாற்றியது. ரோமின் அதிகாரங்களை மன்னர் ஒவ்வொன்றாகத் தன் கைக்குள் கொண்டுவந்த காலம் அது. அந்தச் சட்டத்தின்கீழ் இங்கிலாந்தில் கடைசியாக இருவர் தூக்கிலிடப்பட்டது 1835இல். மரண தண்டனை நீங்கியது 1861இல். அதற்குள் அது கப்பலேறிவிட்டது. மெக்காலேயின் 1837 வரைவிலிருந்து பிறந்து 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அது 377ஆம் பிரிவாக இடம்பெற்றது. அங்கிருந்து 1871இல் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டத்துக்கு வந்தது. பிரிட்டிஷ் பொது ஆலோசகரின் அதிகாரத்தை 1914இல்தான் ஏற்றுக்கொண்ட ஜொகூரும் உட்பட, மலாயா முழுமைக்கும் 1948இல் ஒரே தண்டனைச் சட்டம் வந்தது; 1976இல் சபாவும் சரவாக்கும் அதன்கீழ் வந்தன. 1989ஆம் ஆண்டின் திருத்தம் பழைய 377ஐப் பல பிரிவுகளாகப் பிரித்தது. அவற்றில் 377பி பிரிவின் ‘இயற்கை ஒழுங்குக்கு மாறான’ என்ற தொடர் மெக்காலே காலத்துச் சரக்கு. ‘அநாகரிகச் செயல்’களைத் தண்டிக்கும் 377டி பிரிவின் மூலம் 1885ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டத் திருத்தம். ஆண்களுக்காக மட்டும் அன்று எழுதப்பட்ட அந்தக் குற்றம், இன்று நம் சட்டத்தில் பெண்களுக்கும் உரியது.

இந்தப் பூர்வீகத்தைச் சொல்லிவிட்டு, வெள்ளைக்காரன் சட்டம், ஆகவே வேண்டாம் என்று வாதத்தை முடித்துக்கொள்வோர் உண்டு. அது போதாது. நம் ஒப்பந்தச் சட்டமும் சாட்சியச் சட்டமும் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சட்டங்களைப் பார்த்து எழுதப்பட்டவையே. அவற்றை வைத்துத்தான் நம் நீதிமன்றங்கள் இன்றும் நல்ல தீர்ப்புகளை வழங்குகின்றன. ஒரு சட்டம் எங்கே பிறந்தது என்பதைவிட, நடைமுறையில் அது யாரை என்ன செய்தது என்பதை வைத்தே எடைபோட வேண்டும். அதற்கான சான்று இங்கிலாந்தில் மலைபோல் குவிந்திருக்கிறது.

1885 திருத்தம் வந்த சில ஆண்டுகளிலேயே அதற்கு ‘மிரட்டிப் பணம் பறிப்போரின் சாசனம்’ என்ற பெயர் ஏற்பட்டது. எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட் 1895இல் அதன்கீழ் இரண்டாண்டு கடுங்காவல் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ரகசியக் குறியீடுகளை உடைத்த கணித மேதை ஆலன் டியூரிங், 1952இல் தன் வீட்டில் நடந்த திருட்டைப் பற்றிக் காவல் துறையிடம் புகார் கொடுத்தார். விசாரணையில் அவருடைய உறவு வெளிப்பட, குற்றவாளிக் கூண்டில் அவரே நிறுத்தப்பட்டார். இரண்டே ஆண்டுகளில் இறந்துபோனார். 1954இல் மொண்டேகு பிரபு உள்ளிட்ட மூவரைச் சிறைக்கு அனுப்பிய வழக்கை எடுத்துக்கொள்வோம். அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சிகள், அதே உறவில் பங்குகொண்ட விமானப்படை வீரர்கள் இருவர். சாட்சி சொன்னால் உங்கள்மீது வழக்கில்லை என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். ஒரே செயலில் ஈடுபட்டவர்களில் யார் சிறைக்குப் போவது, யார் வீட்டுக்குப் போவது என்பதைக் காவல் துறையே தீர்மானித்தது. அந்த ஆண்டே அரசு வுல்ஃபெண்டன் குழுவை அமைத்தது. வயது வந்தோர் சம்மதத்தோடு தனிமையில் செய்வதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை என்று 1957இல் அக்குழு பரிந்துரைத்தது.

அந்தப் பரிந்துரையை ஆதரித்தவர்களில் ஆங்கிலத் திருச்சபையின் தலைமைக் குரு, கேண்டர்பரி பேராயர் ஜெஃப்ரி ஃபிஷரும் ஒருவர். அச்செயல் பாவம் என்ற தம் போதனையிலிருந்து அவர் ஓர் அங்குலமும் நகரவில்லை. பாவங்கள் எல்லாவற்றையும் குற்றமாக்குவது அரசின் வேலை அல்ல என்றே அவர் கருதினார். 1967இல் சட்டம் திருத்தப்பட்டபோதுகூட, அன்றைய உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸின் பேச்சில் பாராட்டோ கொண்டாட்டமோ இல்லை, இரக்கம்தான் இருந்தது. நம் விவாதத்தில் விடுபட்டுப்போகும் உண்மை இதுதான். தன்பாலீர்ப்பைச் சமூகம் ஏற்றுக்கொண்ட பிறகுதான் மேற்கில் சட்டம் மாறியது என்று இங்கே பலர் எண்ணுகிறார்கள். நடந்தது வேறு. பெரும்பான்மையோர் ஏற்காத காலத்திலேயே, அதை ஏற்காத பலரும் சேர்ந்துதான் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். புரட்சிக் கால பிரான்ஸ் 1791இல் தன் புதிய தண்டனைச் சட்டத்தில் இதைச் சேர்க்காமலே விட்டது. நெதர்லாந்து அந்தப் பிரெஞ்சு மரபைப் பின்பற்றியது. அதன் குடியேற்றமாயிருந்த இந்தோனேசியாவுக்கு 377 போன்ற பிரிவு வராமல் போனதற்கு அதுவே காரணம். மறுபுறம் ஜெர்மனி. 1871ஆம் ஆண்டின் 175ஆம் பிரிவை நாஜிகள் 1935இல் மேலும் கொடூரமாக்கினர். நாஜிகள் வீழ்ந்த பின்னும் மேற்கு ஜெர்மனி 1969 வரை அந்த நாஜி வடிவத்தையே வைத்துக்கொண்டு சுமார் 50,000 பேரைத் தண்டித்தது. 2017இல்தான் அந்தத் தண்டனைகள் ரத்தாயின. மக்களாட்சி வந்தால் இத்தகைய சட்டம் தானாகச் சாதுவாகிவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை.

377பி பயன்பாட்டில் இல்லாத பழைய சட்டம், அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே என்பாரும் உண்டு. மலேசியர்களுக்கு இதற்குப் பதிலே தேவையில்லை. நம் அரசியலின் கால் நூற்றாண்டையே இந்தச் சட்டம் புரட்டிப்போட்டது. 1998இல் துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட அன்வார் இப்ராஹிமுக்கு 2000இல் இதன்கீழ் ஒன்பதாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வழக்கில், குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்ட காலத்தை அரசுத் தரப்பு இரு முறை மாற்றியது. 2004இல் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்துசெய்தது. 2008இல் தொடங்கிய இரண்டாவது வழக்கில் புகார்தாரர் தமக்குச் சம்மதமில்லை என்றார். ஆனாலும் குற்றச்சாட்டு, சம்மதத்தைப் பற்றியே கேட்காத 377பி பிரிவின்கீழ் பதிவானது. 2012இல் விடுதலை, 2014இல் ஐந்தாண்டுச் சிறை, 2015இல் அதன் உறுதிப்பாடு, 2018 மே 16இல் பேரரசரின் முழு மன்னிப்பு என்று அது நீண்டது. அன்வாரை விரும்புவோரும் வெறுப்போரும் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூடிய கதவுக்குப் பின் நடந்ததாகச் சொல்லப்படும் செயலை, அங்கே இருந்ததாகச் சொல்லும் ஒருவரின் வாக்குமூலத்தை வைத்து நிறுவ முயலும் சட்டம், யார் கையில் அதிகாரம் இருக்கிறதோ அவர் கைக்கு ஆயுதமாகிவிடும்.

முன்னாள் துணைப் பிரதமருக்காக வாதாட கர்ப்பால் சிங் இருந்தார், உலகப் பத்திரிகைகள் இருந்தன. மாசாயிலோ ஸ்கூடாயிலோ வாடகை வீட்டில் இருக்கும் ஓர் இளைஞனுக்கு யார் இருக்கிறார்கள்? கைத்தொலைபேசியில் அறிமுகமான ஒருவன் அவனை அடித்துப் பணத்தைப் பறித்துக்கொண்டால், காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுப்பது தன்மேல் 20 ஆண்டுக் குற்றத்தைத் தானே எழுதிக்கொள்வதாகும். டியூரிங்குக்கு நேர்ந்ததை அறியாதவன்கூட அந்தக் கணக்கை அறிவான். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லவும் அதே பயம்தான். ஹெச்ஐவி பரவலைத் தடுக்க, 2005இல் மெத்தடோன் சிகிச்சையையும் அடுத்த ஆண்டே ஊசி மாற்றுத் திட்டத்தையும் தொடங்கிய அரசு நம்முடையது. போதைப்பொருளை ஆதரித்து அதைச் செய்யவில்லை; உயிரைக் காப்பது முதல் வேலை என்று முடிவெடுத்துச் செய்தது. அந்தத் தெளிவு இங்கும் வேண்டும்.

சமயத்தின் பேரில் எழும் மறுப்பை நாம் மிகுந்த மரியாதையோடு எதிர்கொள்கிறோம். இஸ்லாம் கூட்டரசின் சமயம். இந்த உறவைச் சமயங்கள் பலவும் ஏற்பதில்லை. ஆனால் 377பி ஒரு சமயச் சட்டம் அல்ல; எல்லா இனத்தவருக்கும், சட்டத்தின் விளக்கத்தைப் படித்தால் சில உறவுகளில் கணவன் மனைவிக்கும்கூடப் பொருந்தும் பொதுச் சட்டம். சிலாங்கூர் ஷரியா குற்றச் சட்டத்தின் 28ஆம் பிரிவை 2021 பிப்ரவரி 25இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் செல்லாது என்றபோது, இந்த விவகாரத்தில் சட்டமியற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துடையது என்றே கூறினர். அதிகாரம் அங்கே இருக்கிறது என்றால் பொறுப்பும் அங்கேதான். தம் ஆட்சியில் எல்ஜிபிடி அங்கீகாரம் பெறாது என்று பிரதமர் அன்வார் 2023இல் கூறியதும் நினைவிருக்கிறது. அங்கீகரிப்பது வேறு, சிறையில் அடைத்துப் பிரம்பால் அடிப்பது வேறு. முதலாவதை மறுப்பவர்கூட இரண்டாவதைக் கைவிடலாம்.

நம் பண்பாடு என்று பேசுவோர் தமிழகத்தையும் பார்க்கட்டும். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து வயது வந்தோரின் சம்மத உறவை விடுவித்தது. 2021இல் மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்களின் பெற்றோர், மகள்களைக் காணவில்லை என்று புகார் கொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இது பற்றிப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே உத்தரவிட்டார். சம்பந்தப்பட்டோர் சம்மதமுள்ள வயது வந்தோர் எனத் தெரிந்தால் அத்தகைய புகார்களைக் காவல் துறை முடித்துவைக்க வேண்டும் என்றும், ‘மாற்றுகிறோம்’ என்று நடத்தும் சிகிச்சைகள் கூடாது என்றும் வழிகாட்டினார். அந்தப் பெற்றோரும் தமிழர்கள்தான், பிள்ளைகளும் தமிழர்கள்தான். குற்றம் என்ற முத்திரை போன பிறகுதான், அந்தப் பிள்ளைகளைக் காக்கும் நிலைக்கு நீதிமன்றத்தால் வர முடிந்தது.

இந்தியாவிடமிருந்து கற்க வேண்டிய எச்சரிக்கையும் ஒன்று இருக்கிறது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 377ஐ முழுமையாகவே விட்டுவிட்டது. வன்கொடுமைக்கு ஆளாகும் ஆண்களுக்கு அந்தப் பிரிவு தந்திருந்த பாதுகாப்பும் அதோடு போனது. நாம் அப்படிச் செய்யக் கூடாது. சம்மதமில்லாத செயலைத் தண்டிக்கும் 377சி, சிறுவர்களைக் காக்கும் 377இ, 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டம் ஆகியவை இருந்தபடியே இருக்க வேண்டும். போக வேண்டியது 377பி. 377டி பொது இடங்களில் நடப்பதோடு நின்றுகொள்ள வேண்டும். இது திருமணத்தில் போய் முடியும் என்று அஞ்சுவோர் அக்கரையைப் பார்க்கலாம்: 377ஏவை நீக்கிய அன்றே, திருமணத்துக்கான வரையறையை நாடாளுமன்றமே தீர்மானிக்கும் வகையில் சிங்கப்பூர் தன் அரசியலமைப்பையும் திருத்திக்கொண்டது. அந்த ஏற்பாட்டில் நமக்கு முழு உடன்பாடு இல்லை; ஆனால் இரண்டும் தனித்தனிக் கேள்விகள் என்பதை அது காட்டுகிறது.

ஜொகூரிலிருந்து 26 உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருக்கிறார்கள். இந்தத் திருத்தத்துக்கு அவர்களில் எத்தனை பேர் இன்று கை தூக்குவார்கள் என்பதில் நமக்கு மயக்கம் ஏதுமில்லை. ஆயினும் வுல்ஃபெண்டன் பாணியில், நீதிபதிகளும் மருத்துவர்களும் சமயத் தலைவர்களும் அடங்கிய ஒரு குழுவை அமைக்கும்படி அவர்கள் கேட்கலாம். இந்தப் பிரிவின்கீழ் யார் யார், யாருடைய புகாரில், எந்தச் சாட்சியத்தின்பேரில் குற்றஞ்சாட்டப்பட்டார்கள் என்ற முழு விவரத்தை அவையில் வைக்கும்படி உள்துறை அமைச்சரிடம் கேள்வி எழுப்பலாம். அதுவரை, அரசியலமைப்பின் 145(3)ஆம் பிரிவு தரும் அதிகாரத்தைக் கொண்டு, வயது வந்தோரின் சம்மத உறவின்மீது வழக்குத் தொடுக்கப்படமாட்டாது என்று சட்டத்துறைத் தலைவர் எழுத்தில் அறிவிக்க வேண்டும்; கொள்ளை அல்லது மிரட்டலைப் பற்றிப் புகார் கொடுக்க வருபவர்மீது 377பி பாயாது என்ற உத்தரவு எல்லாக் காவல் நிலையங்களுக்கும் போக வேண்டும்.